நெஞ்செரிச்சல் மாத்திரை மார்பகப் புற்றுநோய்க்கு உதவுமா? அளவும் துணை மருந்தும் தீர்மானிக்கும் கதை

நெஞ்செரிச்சல் மாத்திரையான ஒமெப்ரசோல் முதன்முதலில் விற்பனைக்கு வந்தது 1988இல். பிறகு லான்சோபிரசோல், பான்டோபிரசோல், ரபெப்ரசோல், எசோமெப்ரசோல் என்று அதே குடும்பம் பெருகிவிட்டது. இரைப்பைச் சுவரில் அமிலத்தை வெளியே தள்ளும் புரோட்டான் பம்பைப் பூட்டுவதுதான் இவை எல்லாவற்றின் வேலையும். காப்புரிமை முடிந்துவிட்டதால் விலை குறைவு. நீண்ட காலமாகக் கோடிக்கணக்கானவர்கள் விழுங்கியதால் பக்கவிளைவுகளும் ஏறக்குறைய தெரிந்தவை. இப்படிப்பட்ட மருந்து மார்பகப் புற்றுநோய்க்கும் பயன்படலாம் என்று ஆய்வகங்களிலிருந்து செய்தி வரும்போது எதிர்பார்ப்பு எழத்தான் செய்யும். ஆய்வகச் சான்று பொய்யல்ல. ஆனால் அது சொல்வது வேறு, மாத்திரை அட்டையில் இருக்கும் 20 மி.கி. செய்யக்கூடியது வேறு. எந்த அளவில், எத்தனை நாள், எந்தப் புற்றுநோய் மருந்தோடு என்ற மூன்று கேள்விகளையும் விட்டுவிட்டுப் பேசினால், உதவக்கூடிய மருந்தே கெடுதல் செய்யும் இடமும் இந்த விஷயத்தில் உண்டு.

கட்டியைச் சுற்றிய அமிலம்

புற்றுநோய்ச் செல்கள் ஆக்சிஜன் தாராளமாகக் கிடைக்கும்போதும் குளுக்கோஸை லாக்டிக் அமிலமாக மாற்றிக்கொண்டே இருக்கும். 1920களில் ஓட்டோ வார்பர்க் கவனித்தது இது. அந்த அமிலம் உள்ளேயே தங்கினால் செல் செத்துவிடும். அதனால் அதை வெளியேற்றப் பல வழிகளை அது வைத்திருக்கிறது: லாக்டேட்டைக் கடத்தும் எம்.சி.டி. புரதங்கள், சோடியத்தை உள்ளே வாங்கிப் புரோட்டானை வெளியே விடும் என்.எச்.இ.1, கார்பானிக் அன்ஹைட்ரேஸ் 9, வி-ஏடிபேஸ் எனும் பம்ப். விளைவு, செல்லுக்குள் பி.எச். (எண் குறையக் குறைய அமிலம் கூடும் அளவுகோல்) 7.2 அல்லது அதற்கு மேல், வெளியே 6.5 முதல் 6.9 வரை. இயல்பான திசுவில் நிலைமை இதற்குத் தலைகீழ், அங்கே வெளிப்புறம்தான் 7.4.

இந்த வெளி அமிலம் மூன்று வகையில் தொல்லை தருகிறது. சுற்றியிருக்கும் இணைப்புத் திசுவைக் கரைக்கும் நொதிகளை அது தூண்டுவதால் கட்டி பரவ இடம் கிடைக்கிறது. அங்கே வந்து சேரும் நோய் எதிர்ப்புச் செல்கள் சோர்ந்துபோகின்றன. மூன்றாவது, டாக்சோரூபிசின் போன்ற, வீரியம் குறைந்த காரத்தன்மை கொண்ட கீமோ மருந்துகள் அமிலத்தில் மின்னூட்டம் பெற்றுவிடுகின்றன. மின்னூட்டம் பெற்ற மூலக்கூறு செல் சவ்வைக் கடக்காது. தப்பித் தவறி உள்ளே போனதும் லைசோசோம் போன்ற அமிலப் பைகளில் சிக்கி, டி.என்.ஏ. இருக்கும் உட்கருவை எட்டாமல் நின்றுவிடுகிறது.

மார்பகப் புற்றுநோயில் இதற்கென ஒரு தடயமும் உண்டு. ஆய்வகங்களில் வளர்க்கும் மார்பகப் புற்றுநோய்ச் செல் வகைகளில், எளிதில் பரவும் எம்.டி.ஏ.-எம்.பி.-231 செல்கள் வி-ஏடிபேஸைத் தம் வெளிச்சவ்விலேயே வைத்திருக்கின்றன. பரவும் தன்மை குறைந்த எம்.சி.எஃப்.-7 செல்களில் அது அந்த அளவுக்கு இல்லை. பம்பை அடக்கினால் அமிலம் குறையும், மருந்து உள்ளே போகும் என்பதே ஊகம். 2004இல் இத்தாலிய ஆய்வாளர்கள் ஒமெப்ரசோல் வகை மருந்தை முன்கூட்டியே கொடுத்துவிட்டு, மருந்துக்கு மசியாத புற்றுநோய்ச் செல்களின் மீது கீமோ மருந்துகளைச் செலுத்திப் பார்த்தார்கள். செல்கள் மசிந்தன.

அமிலத்தை நேரடியாக முறித்தால் என்ன என்ற கேள்வியும் எழுந்தது. 2009இல் வெளியான ஆய்வில், குடிநீரில் சோடியம் பைகார்பனேட் கலந்து கொடுத்த எலிகளில் மார்பகப் புற்றுநோய் மற்ற உறுப்புகளுக்குப் பரவுவது குறைந்தது. மனிதர்களிடம் அது எடுபடவில்லை. தேவைப்படும் அளவு மிக அதிகம், சுவையோ சகிக்க முடியாதது. சோதனைக்கு ஆள் நிற்கவில்லை. சமையல் சோடாவைக் குடித்துப் புற்றுநோயைக் கரைக்கலாம் என்று சுற்றும் செய்திகளுக்கு மூலம் இந்த எலி ஆய்வு போன்றவைதான். எலியைப் பற்றிச் சொல்பவர்கள், மனிதச் சோதனை நின்றுபோனதைச் சொல்வதில்லை.

வயிற்றில் வேலை செய்வது கட்டியில் ஏன் கடினம்

இந்த மாத்திரைகள் விழுங்கும்போது செயலற்றவை. சிறுகுடலில் கரைந்து ரத்தத்தில் கலந்து, இரைப்பைச் செல்லின் அமிலக் கால்வாயை எட்டியதும் அங்கே புரோட்டான் ஏற்று வேறு மூலக்கூறாக மாறி, பம்பின் சிஸ்டீன் முனையைக் கெட்டியாகப் பற்றிக்கொள்ளும். அந்தக் கால்வாயின் பி.எச். சுமார் 1. அங்கே இந்த மாற்றம் சில நிமிடங்களில் முடிந்துவிடும். பி.எச். ஓர் எண் கூடினால் அமிலச் செறிவு பத்தில் ஒன்றாகிவிடும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். கட்டியைச் சுற்றிய 6.5 என்பது இரைப்பைக் கால்வாயோடு ஒப்பிட்டால் கிட்டத்தட்ட நடுநிலைதான். அங்கே மருந்து மாற மணிக்கணக்காகும். ரத்தத்தில் அதன் அரை ஆயுளோ ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம். மாறி முடிப்பதற்குள் மருந்தின் பெரும்பகுதி கல்லீரலில் சிதைந்துவிடும்.

லைசோசோமுக்குள் பி.எச். 4.5 முதல் 5 என்பதால் அங்கே சற்று எளிது. அதனால்தான் இந்த மருந்துகள் கட்டியின் வெளி அமிலத்தை மாற்றுவதைவிட, செல்லுக்குள் இருக்கும் பைகளின் அமிலத்தை மாற்றுவதே நடக்கக்கூடிய காரியம் என்று எனக்குத் தோன்றுகிறது. ரபெப்ரசோல் வேகமாகச் செயல்நிலைக்கு வரும், பான்டோபிரசோல் மெதுவாக வரும். வயிற்றில் பெரிதாகத் தெரியாத இந்த வேறுபாடு கட்டியில் முக்கியமாகலாம். ஆகவே 'ஏதோ ஒரு அமில மாத்திரை' என்று எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டிப் பேசுவது சரியல்ல.

அடுத்தது அளவு. ஆய்வகத்தில் செல் வளர்க்கும் தட்டுகளில் பலமுறை பயன்படுத்தப்படும் செறிவு 50 முதல் 100 மைக்ரோமோல், சில சமயம் அதற்கும் மேல். எசோமெப்ரசோல் 40 மி.கி. தினமும் எடுப்பவரின் ரத்தத்தில் உச்ச அளவு சுமார் 4.7 மைக்ரோமோல், 20 மி.கி. எடுப்பவருக்கு 2.1. இதிலும் 97 சதவீதம் ரத்தப் புரதங்களோடு ஒட்டிக்கொண்டிருக்கும். செல்லுக்குள் நுழையத் தயாராக இருப்பது மீதி 3 சதவீதம்தான். செல் தட்டில் புரதம் குறைவு என்பதால் அங்கே போட்டதில் பெரும்பகுதி செல்லை எட்டிவிடும். எனவே தட்டில் 100 மைக்ரோமோலில் செல்கள் செத்தன என்ற செய்தியை வாசிக்கும்போது, உடலில் அந்த அளவு எட்டுமா என்று முதலில் கேட்க வேண்டும். பெரும்பாலான ஆய்வுகள் இந்தக் கேள்வியிலேயே தடுக்கி விழுகின்றன.

ஒரே மாத்திரை எல்லோருக்கும் ஒரே ரத்த அளவைத் தருவதும் இல்லை. ஒமெப்ரசோலைச் சிதைப்பது கல்லீரலின் சி.ஒய்.பி.2சி19 நொதி. இதன் மரபணு வகையைப் பொறுத்துச் சிலர் வேகமாகச் சிதைப்பார்கள், சிலர் மெதுவாக. மெதுவாகச் சிதைப்பவருக்கு அதே மாத்திரை பல மடங்கு மருந்துக்குச் சமம். இதைக் கணக்கில் எடுக்காத சோதனையின் முடிவைப் படிப்பது சிரமம்.

பம்பைத் தாண்டிய இன்னொரு வழி

மார்பகப் புற்றுநோயைப் பொறுத்தவரை, அமிலக் கதையைவிட எனக்கு வலுவாகத் தோன்றுவது கொழுப்புக் கதை. வேகமாகப் பெருகும் செல்லுக்குப் புதிய சவ்வு கட்டக் கொழுப்பு அமிலம் வேண்டும். இயல்பான செல்கள் பெரும்பாலும் உணவிலிருந்து வரும் கொழுப்பை எடுத்துக்கொள்ளும். பல புற்றுநோய்ச் செல்கள் தாங்களே தயாரிக்கும். அதற்கான நொதி கொழுப்பு அமில சிந்தேஸ், சுருக்கமாக எஃப்.ஏ.எஸ்.என். மார்பகப் புற்றுநோயில் இது கூடுதலாக இருந்தால் கீமோவுக்கு எதிர்ப்பும் கூடுகிறது. இந்த நொதியின் தயோஎஸ்டரேஸ் பகுதியை ஒமெப்ரசோல் குடும்பம் தடுக்கிறது என்று அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகக் குழு கண்டறிந்தது. பம்போடு இதற்குத் தொடர்பில்லை. அமிலம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நடக்கக்கூடியது.

மூன்றாவதாக ஒரு பாதையும் பேசப்படுகிறது. ஒமெப்ரசோல் ஏ.எச்.ஆர். எனும் ஏற்பியைத் தூண்டி, செல்கள் இடம்பெயர உதவும் சி.எக்ஸ்.சி.ஆர்.4 புரதத்தைக் குறைத்து, எம்.டி.ஏ.-எம்.பி.-231 செல்கள் ஊடுருவுவதைத் தடுத்ததாக 2014இல் வெளியான ஆய்வு காட்டியது. நோயாளிகளிடம் இதைச் சோதித்து உறுதிப்படுத்தும் வேலை இன்னும் மீதமிருக்கிறது.

இரண்டு சோதனைகள்

மனிதர்களிடம் நடந்தவற்றில் இரண்டைக் கவனமாகப் படிக்க வேண்டும்.

முதலாவது சீனாவில் நடந்து 2015இல் வெளியானது. நோய் பரவிவிட்ட 94 பெண்களை மூன்று குழுக்களாகத் தற்செயல் முறையில் பிரித்தார்கள். எல்லோருக்கும் டோசிடாக்சல், சிஸ்பிளாட்டின் எனும் கீமோ மருந்துகள், ஒவ்வொன்றும் உடல் பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு 75 மி.கி. வீதம், 21 நாளுக்கு ஒருமுறை, அதிகபட்சம் 6 சுற்று. ஒரு குழுவுக்கு இது மட்டும். இன்னொரு குழுவுக்கு எசோமெப்ரசோல் 80 மி.கி. நாளுக்கு இருமுறை, மூன்றாவது குழுவுக்கு 100 மி.கி. நாளுக்கு இருமுறை. வாரத்தில் 3 நாள் எடுத்து 4 நாள் விடுவது, கீமோவுக்கு முன்பே தொடங்குவது, அதிகபட்சம் 66 வாரம் தொடர்வது. கவனியுங்கள்: நெஞ்செரிச்சலுக்குக் கொடுக்கும் அளவைப் போல 4 முதல் 10 மடங்கு.

கட்டி சுருங்கியவர்கள் எசோமெப்ரசோல் இல்லாத குழுவில் 46.9 சதவீதம், 80 மி.கி. குழுவில் 71.0, 100 மி.கி. குழுவில் 64.5. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் 67.7. நோய் மீண்டும் முன்னேறும் வரையிலான இடைநிலைக் காலம் 7.5 மாதத்திலிருந்து 9.7 மாதமாகக் கூடியது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சுருங்கிய விகிதத்துக்கான பி மதிப்பு (மருந்தால் பலன் இல்லாதபோதும் தற்செயலாக இப்படியொரு வித்தியாசம் வரும் வாய்ப்பு; 0.05க்குக் கீழே இருந்தால்தான் ஏற்பது வழக்கம்) 0.049, அதாவது ஓரிருவர் முடிவு மாறியிருந்தால் எல்லைக்கோட்டைத் தாண்டியிருக்கும். உயிர்வாழ் காலம் 19.2 மாதத்திலிருந்து 29.9ஆகக் கூடியது, ஆனால் பி மதிப்பு 0.090. கூடுதல் அளவு கொடுத்த குழு குறைந்த அளவு குழுவைவிட மேலாக வரவில்லை. ட்ரிபிள் நெகட்டிவ் வகையில் (ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன், ஹெர்2 ஆகிய மூன்று ஏற்பிகளும் இல்லாத மார்பகப் புற்றுநோய்) பலன் பெரிதாக, 5.8 மாதத்துக்கு எதிராக 10.7 மாதம் என்று தெரிந்தது. ஆனால் அந்தக் கணக்கு வெறும் 15 பேரை வைத்துப் போட்டது. இன்னொரு இடறல்: டோசிடாக்சல் காரத்தன்மை கொண்ட மருந்து அல்ல, டாக்சோரூபிசினைப் போல அமிலத்தில் சிக்குவதும் இல்லை. அதனால் பலன் வந்திருந்தாலும், அது எந்த வழியில் வந்தது என்பதை அமிலக் கதை மட்டும் விளக்காது.

இரண்டாவது அந்த இண்டியானா குழுவினுடையது, 2021இல் வெளியானது. அறுவை செய்யத்தக்க ட்ரிபிள் நெகட்டிவ் நோயாளிகள் 42 பேர். ஒமெப்ரசோல் 80 மி.கி. நாளுக்கு இருமுறை, கீமோவுக்கு 4 முதல் 7 நாள் முன்பே தொடங்கி அறுவை வரை. கீமோ என்பது வழக்கமான டாக்சோரூபிசின், சைக்ளோபாஸ்பமைடு, டாக்சேன், சிலருக்குக் கார்போபிளாட்டினும். ஒமெப்ரசோல் மட்டும் எடுத்த அந்த முதல் சில நாட்களுக்கு முன்னும் பின்னும் திசு எடுத்துப் பார்த்தது இந்தச் சோதனையின் சிறப்பு. எஃப்.ஏ.எஸ்.என். அளவுகோல் 0.53இலிருந்து 0.38ஆகக் குறைந்திருந்தது. ரத்தத்தில் உச்ச அளவும் ஆய்வகத்தில் நொதியைத் தடுக்கத் தேவைப்பட்டதைவிட அதிகமாக இருந்தது. அதாவது மருந்து தன் இலக்கை எட்டியது. தட்டில் செய்த ஆய்வுகள் பல தாண்டாத தடை இது.

அறுவையில் புற்றுநோய் அடையாளமே இல்லாமல் போனவர்கள் 71.8 சதவீதம். அந்த எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு மகிழ முடியாது, ஏனெனில் ஒப்பீட்டுக் குழு இல்லை. ஒமெப்ரசோல் இல்லாமலேயே கீமோ எவ்வளவு தரும்? டாக்சேன், ஆந்த்ராசைக்ளின் (டாக்சோரூபிசின் இந்த வகை) கொண்ட சிகிச்சையில் கார்போபிளாட்டின் சேர்த்தபோது 54 சதவீதம், சேர்க்காதபோது 41 சதவீதம் என்று சி.ஏ.எல்.ஜி.பி. 40603 எனும் பெரிய அமெரிக்கச் சோதனை காட்டியது. 42 பேர் கொண்ட குழுவில் எந்தக் கட்ட நோயும் எந்த உடல்நிலையும் உள்ளவர்கள் தேர்வானார்கள் என்பதே முடிவை மாற்றிவிடும் என்பதால் வித்தியாசத்தை மருந்தின் கணக்கில் எழுத முடியாது. நான் இன்னொன்றையும் பார்ப்பேன்: எஃப்.ஏ.எஸ்.என். இருந்தவர்களில் விகிதம் 71.4, எல்லோரையும் சேர்த்தால் 71.8. அந்த நொதியைத் தடுத்ததுதான் பலன் என்றால், நொதி உள்ளவர்கள் மேலே வந்திருக்க வேண்டும். வரவில்லை. எண்ணிக்கை சிறியது, இதை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. ஆனால் ஆர்வலர்கள் இதைத் தாண்டிப் போய்விடக் கூடாது.

பான்டோபிரசோலை நரம்பு வழி ஊசியாக, 240 மி.கி. அளவில் டாக்சோரூபிசினோடு கொடுக்கலாம் என்று கனடாவின் டொரான்டோ குழு முதற்கட்டச் சோதனையில் நிறுவியது. அதே மருந்தை டோசிடாக்சலோடு புராஸ்டேட் புற்றுநோயில் பார்த்தபோது எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை. பாதுகாப்பாகக் கொடுக்க முடிவது ஒன்று, பலன் தருவது இன்னொன்று.

சிமெடிடின் போன்ற பழைய எச்2 தடுப்பான்களைப் பற்றியும் பேச்சு உண்டு. அவை வேலை செய்யும் விதமே வேறு. பம்பை அல்ல, ஹிஸ்டமின் ஏற்பியைத் தடுப்பவை. பெருங்குடல் புற்றுநோயில் 64 பேர் கொண்ட ஒரு ஜப்பானியச் சோதனை, 10 ஆண்டு உயிர்வாழ்வை 49.8 சதவீதத்திலிருந்து 84.6 சதவீதமாக்கியதாக 2002இல் அறிவித்தது. மார்பகத்தில் அதை அப்படியே பொருத்தக் கூடாது. சிமெடிடின் ஈஸ்ட்ரோஜன் சிதையும் ஒரு பாதையை மெதுவாக்குகிறது. ஹார்மோன் ஏற்பி உள்ள புற்றுநோயில் அது வேண்டாத பக்கம் சாயும்.

அடுத்த சோதனை ஏன் நடக்கவில்லை

காப்புரிமை இல்லாத மருந்துக்குப் பெரிய சோதனை நடத்தப் பணம் போடும் நிறுவனம் கிடைப்பது அரிது. அது ஒரு காரணம். இன்னொரு காரணம் ஒப்பிட வேண்டிய சிகிச்சையே மாறிவிட்டது. அபாயம் கூடிய ஆரம்ப நிலை ட்ரிபிள் நெகட்டிவ் நோய்க்கு 2021 ஜூலையில் அமெரிக்காவில் பெம்ப்ரோலிசுமாப் எனும் நோய் எதிர்ப்பு மருந்து (உடலின் எதிர்ப்புச் செல்களைப் புற்றுநோய்மீது ஏவுவது) அனுமதி பெற்றது. கீநோட்-522 சோதனையின் முதல் ஆய்வில் அதைக் கீமோவோடு சேர்த்தவர்களில் 64.8 சதவீதமும், கீமோ மட்டும் பெற்றவர்களில் 51.2 சதவீதமும் முழுப் பலன் (அறுவையில் புற்றுநோய் அடையாளமே இல்லாத நிலை) பெற்றார்கள். இனி ஒமெப்ரசோலைச் சோதித்தால் இதோடுதான் சேர்த்துச் சோதிக்க வேண்டும். அங்கேயே சிக்கல் இருக்கிறது: அமில மாத்திரை குடல் நுண்ணுயிர்களை மாற்றுகிறது, நுரையீரல் புற்றுநோயில் அதே வகையைச் சேர்ந்த அடெசோலிசுமாப் எடுத்தவர்களில் இந்த மாத்திரை எடுத்தவர்களுக்குப் பலன் குறைவாகத் தெரிந்தது. நோய் கூடியவர்களே அதிகம் மாத்திரை எடுத்திருக்கலாம் என்பதால் இது நிரூபணம் அல்ல. இருந்தாலும், கீமோவுக்குச் செய்யும் உதவியை நோய் எதிர்ப்பு மருந்தில் பறித்துவிடுமோ என்ற கேள்வியைச் சோதனை தொடங்குமுன் எழுப்பியாக வேண்டும்.

மருத்துவப் பதிவுகளைத் தோண்டி, மாத்திரை எடுத்தவர்களுக்குப் புற்றுநோய் குறைவு அல்லது அதிகம் என்று சொல்லும் ஆய்வுகளை நான் இங்கே சாட்சியாக எடுக்கவில்லை. ஐந்து ஆண்டு மாத்திரை வாங்கியவர் என்ற பட்டியலில் இடம்பெற அந்த ஐந்து ஆண்டும் உயிரோடு இருந்திருக்க வேண்டும். அந்தக் கணக்குப் பிழை ஒன்றே மாத்திரைக்கு நற்பெயர் வாங்கித் தந்துவிடும்.

இப்போது சிகிச்சையில் இருப்பவர்களுக்கு

வயிற்று அமிலம் குறைந்தால் சில புற்றுநோய் மாத்திரைகள் சரியாகக் கரைவதில்லை. நெராடினிப் எனும் மார்பகப் புற்றுநோய் மாத்திரை எடுப்பவர் லான்சோபிரசோல் சேர்த்தால் ரத்தத்தில் மொத்த மருந்து அளவு 65 சதவீதம் சரிகிறது, உச்ச அளவு 71 சதவீதம். அதனால் இந்தக் குடும்ப மாத்திரைகளை நெராடினிப்போடு சேர்க்கவே கூடாது. எச்2 தடுப்பான் எடுத்தே ஆக வேண்டுமானால் அதற்கு 10 மணி நேரம் பிறகு, அல்லது அதன் அடுத்த வேளைக்கு 2 மணி நேரம் முன்னதாக நெராடினிப். சாதாரண அமில முறிவுத் திரவம் என்றால் 3 மணி நேர இடைவெளி போதும்.

பால்போசிக்லிப் எனும் மார்பகப் புற்றுநோய் மருந்து காப்ஸ்யூலாகவும் மாத்திரையாகவும் வருகிறது, இரண்டும் இந்த விஷயத்தில் ஒன்றல்ல. காப்ஸ்யூலை ரபெப்ரசோலோடு வெறும் வயிற்றில் எடுத்தால் மொத்த அளவு 62 சதவீதமும் உச்ச அளவு 80 சதவீதமும் குறையும். உணவோடு எடுத்தால் மொத்த அளவு 13 சதவீதம் மட்டுமே குறைகிறது, அதனால்தான் காப்ஸ்யூலைச் சாப்பாட்டோடு எடுக்கச் சொல்கிறார்கள். மாத்திரை வடிவத்துக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை, அதே வகை மருந்தான ரிபோசிக்லிப்புக்கும் இல்லை. காப்ஸ்யூலில் இருக்கும் ஒருவர் நெஞ்செரிச்சலுக்குத் தொடர்ந்து மருந்து எடுக்க வேண்டியிருந்தால், மருத்துவரிடம் மாத்திரை வடிவத்துக்கு மாறுவது பற்றிக் கேட்கலாம்.

கேப்சிடபின் எனும் கீமோ மாத்திரையில் கருத்து பிளவுபட்டிருக்கிறது. வயிற்றுப் புற்றுநோய் சோதனை ஒன்றில் கேப்சிடபினும் ஆக்சாலிபிளாட்டினும் எடுத்தவர்களில், அமில மாத்திரையும் எடுத்தவர்களுக்கு நோய் 4.2 மாதத்தில் முன்னேறியது, மற்றவர்களுக்கு 5.7 மாதத்தில். ஏன் என்பதற்கு ஒத்த விளக்கம் இல்லை, எல்லா ஆய்வுகளும் இதை உறுதிசெய்யவும் இல்லை. அவசியம் இல்லாவிட்டால் சேர்க்காமல் இருப்பதே உத்தமம்.

நீண்ட நாள் எடுப்பதன் தீங்குகளிலும் மார்பகப் புற்றுநோயாளிக்குச் சில கூடுதலாகக் கடிக்கும். ரத்தத்தில் மக்னீசியம் குறைவது அமில மாத்திரையின் அறியப்பட்ட விளைவு. சிஸ்பிளாட்டினும் சிறுநீரகம் வழியே மக்னீசியத்தை வெளியேற்றும், இரண்டும் சேர்ந்தால் தசைப்பிடிப்பும் இதயத் துடிப்புக் கோளாறும் வரலாம். எலும்பு முறிவு அபாயம் சற்றுக் கூடுகிறது. ஈஸ்ட்ரோஜனைக் குறைக்கும் லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் எடுப்பவர்களின் எலும்பு ஏற்கனவே மெலிந்துகொண்டிருக்கும். அமிலம் குறைவதால் குடலில் கடும் வயிற்றுப்போக்கு தரும் கிளாஸ்ட்ரிடியம் டிஃபிசில் தொற்று வாய்ப்பு ஏறுகிறது. மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்டவர்களில் இந்த மாத்திரை எடுத்தவர்கள் நினைவு, கவனம் குறித்துக் கூடுதல் குறை சொன்னதாக 2020இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வும் இருக்கிறது.

செய்தியைப் படித்துவிட்டு யாராவது 80 மி.கி. இருவேளை தாமாகவே தொடங்கினால், நடைமுறையில் இரண்டு கேடு உண்டு. மருத்துவரின் குறிப்பில் அது இராது, அதனால் சிகிச்சை எதிர்பார்த்தபடி போகாதபோது காரணம் தேடுபவர் இதைப் பார்க்க மாட்டார். இன்னொன்று, எடுத்தது போதும் என்று திடீரென்று நிறுத்தினால் பம்புகள் பெருகியிருப்பதால் அமிலம் முன்னைவிட அதிகமாகப் பாய்ந்து, சில வாரங்களுக்கு நெஞ்செரிச்சல் கடுமையாகும். உண்மையான தேவைக்காக நீண்ட நாள் எடுத்தவர்கள் நிறுத்தும்போது கூட, மருத்துவரின் யோசனைப்படி அளவை முதலில் பாதியாக்கி, பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் என்று இறக்குவார்கள். சிகிச்சை தொடங்குமுன் மருத்துவரிடமும் மருந்தாளுநரிடமும் சொல்ல வேண்டியவை மாத்திரையின் பெயர், அளவு, தொடங்கிய தேதி, எந்த வேளையில் எடுக்கிறீர்கள் என்பது. கடையில் சீட்டு இல்லாமல் வாங்கியதும் இந்தப் பட்டியலில் சேரும்.